"திரும்ப வந்திடுமோ?" அம்மாவின் பயத்தைப் பற்றிக் கேட்ட மகளுக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் தொடர்ந்து வாசிக்க அது உதவும்.

அம்மாவுக்கு 54 வயது. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்ச்சிகிச்சை எல்லாம் முடிந்து மூன்று வருடமாகிறது. இப்போது லெட்ரோசோல் குளிசை மட்டும் குடிக்கிறார். போன கிளினிக்கிலும் ஒரு பிரச்சினையும் இல்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கிளினிக் திகதி நெருங்கும் கிழமை முழுதும் அவருக்கு நித்திரை இல்லை. இரவில் லைற்றை நிப்பாட்டிய பிறகு, சத்திரசிகிச்சை செய்த இடத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறார். காலையில் முழங்காலும் விரல்களும் நோகும்போது "எலும்புக்கு இறங்கிட்டுது" என்கிறார். நீங்கள் "யோசியாதேங்கோ அம்மா" என்றால் கோபம் வருகிறது. கனடாவில் இருக்கும் அண்ணாவோ, காசு அனுப்புகிறேன், கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் முழு உடம்பையும் ஸ்கான் பண்ணுங்கள் என்கிறார். அம்மாவுக்கு மனநோய் ஏதும் வந்துவிட்டதா, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பல வருடம் வோர்ட்டில் தாதியாக வேலை செய்துவிட்டு, பிறகு உளவளத்துணை படித்தவள். இப்போது யாழ்ப்பாணத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர்களோடுதான் என் நேரத்தில் பெரும்பகுதி போகிறது. இந்தப் பயம் துளியும் இல்லாத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. உங்கள் அம்மாவுக்குப் பைத்தியமும் இல்லை, கடவுள் நம்பிக்கை குறைந்ததும் இல்லை. மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. புற்றுநோய் திரும்ப வரும், அல்லது கூடும் என்ற பயம், கவலை, யோசனை என்று ஆய்வாளர்கள் 2015இல் கனடாவின் ஒட்டாவாவில் கூடி இதற்கு வரைவிலக்கணம் எழுதினார்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, 13 நாடுகளைச் சேர்ந்த 9,311 பேரின் விடைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இந்தப் பயம் கவனிக்கவேண்டிய அளவில் இருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், வயது கூடியவர்களைவிடக் குறைந்தவர்களுக்கும் அதிகம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பயத்தின் அளவு நோயின் அளவைப் பின்பற்றி வருவதில்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சுகமாக்கியவர் இரவிரவாக விழித்திருப்பார். கடும் நோயைத் தாண்டியவர் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார். ஆகவே "உங்களுக்குச் சின்னனாத்தானே வந்தது, ஏன் பயப்பிடுறீங்கள்" என்ற சமாதானம் எடுபடாது. காலம் போகப் போகத் தானாகக் குறைந்துவிடும் என்றும் இருந்துவிட முடியாது. கவனிக்காமல் விட்டால் சிலரில் அது வருடக்கணக்காக அப்படியே நிற்கும்.

ஏன் சிகிச்சை முடிந்த பிறகு கூடுகிறது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். கீமோ ஏற்றும் மாதங்களில் மனிதர் பயப்படக்கூட நேரமில்லாமல் ஓடுகிறார். இன்றைக்கு இரத்தம் சோதிக்கவேண்டும், நாளைக்கு வெள்ளை அணு கூடியதா பார்க்கவேண்டும், ஓங்காளம் நிற்கவேண்டும். கிழமைக்கு ஒருதரம் யாரோ ஒரு தாதி பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சுகம் விசாரிக்கிறார். பிறகு ஒருநாள், "சரி, இனி ஆறு மாதத்தால வாங்கோ" என்று கொப்பியில் திகதி போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் அது சந்தோஷமான நாள். அவருக்கோ காவலில்லாத நாள். என்னிடம் வந்த ஓர் அம்மா சொன்னார்: "மருந்து ஏறேக்க அது வருத்தத்தோட சண்டை பிடிக்குது எண்டு ஒரு தைரியம் இருந்தது. இப்ப ஆர் சண்டை பிடிக்கினம்?"

எங்கள் ஊரில் 30 வயதைத் தாண்டிய எவருக்கும் இந்தப் பயத்தின் உள்ளமைப்பை விளக்குவது கடினமில்லை. கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய உடம்பு இது. சண்டை முடிந்தது 2009இல். இன்றைக்கும் ஹெலி ஒன்று தாழப் பறந்தால் கை வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறோம். கோவில் வெடி எதிர்பாராமல் வெடித்தால் நெஞ்சு ஒருதரம் நின்று அடிக்கிறது. மூளைக்குச் சண்டை முடிந்தது தெரியும். உடம்புக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. உங்கள் அம்மாவின் உடம்பும் ஒருமுறை ஏமாந்த உடம்பு. நோவே இல்லாத ஒரு சின்னக் கட்டிதான் கடைசியில் புற்றுநோய் என்று வந்தது. இனி ஏமாறக்கூடாது என்று அது இரவும் பகலும் காவல் இருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அரண்டதற்கு இங்கே உண்மையான காரணம் இருந்தது. அதை முதலில் நீங்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும்.

அடுத்தது, அவர் சொல்லும் நோவு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பயத்தின் பாதி இதில்தான் இருக்கிறது.

லெட்ரோசோல் குடிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூட்டுநோவும் விறைப்பும் வரும். இந்தக் குளிசை உடம்பில் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் உருவாவதை மிகவும் குறைத்துவிடுகிறது. ஹோர்மோனை உண்டு வளரும் வகைப் புற்றுநோயைப் பட்டினி போடுவதுதான் நோக்கம். ஆனால் மூட்டுகளுக்கும் எலும்புக்கும் அந்த ஹோர்மோன் தேவை. அதனால் காலையில் எழும்பும்போது விரல்கள் மடங்காது, முழங்கால் பிடிக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நோகும். கொஞ்சம் நடந்து, சுடுதண்ணீரில் கையை வைத்தால் இளகிவிடும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அம்மாவின் நோவு இந்தச் சாடையில்தான் இருக்கிறது. என்றாலும் நான் இங்கிருந்து முடிவு சொல்லக்கூடாது. கிளினிக்கில் இதை அவர் வாய்திறந்து சொல்லவேண்டும். எலும்புக்குப் பரவிய நோவு பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும். ஓர் இடத்தில் நின்று பிடிக்கும், நாளுக்கு நாள் கூடும், படுத்து ஓய்வெடுத்தாலும் விடாது, இரவில் எழுப்பும்.

மார்பு எடுத்த இடத்திலும் கமக்கட்டிலும் வரும் சுரீர் என்ற குத்து பெரும்பாலும் நரம்பின் வேலை. சத்திரசிகிச்சையின்போது கமக்கட்டு வழியாகப் போகும் தோல் நரம்புகள் அறுபடும் அல்லது இழுபடும். மேல்கையின் உட்பக்கம் மரத்துப்போனது போலவும், எறும்பு ஊர்வது போலவும், சில நேரம் ஊசி குத்துவது போலவும் வருடக்கணக்காக இருக்கலாம். கதிர்ச்சிகிச்சை பிடித்த பக்கத்து நெஞ்சுத்தோல் இறுகும். கீமோவில் சில மருந்துகள் கால்விரல் கைவிரல் நுனிகளை விறைக்கவைக்கும். இவை எல்லாம் சிகிச்சை விட்டுப்போன தழும்புகள். சிகிச்சை தொடங்கும்போது உயிர்காக்கும் அவசரத்தில் இதையெல்லாம் யாரும் வடிவாக உட்கார்ந்து சொல்வதில்லை, சொன்னாலும் அந்த நேரத்தில் மனதில் ஏறுவதில்லை. பிறகு வீட்டில் தனியாக இருக்கும்போது ஒவ்வொரு குத்தும் ஒரு செய்தியாகப் படுகிறது.

அதற்காக எல்லா நோவையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. நான் எல்லாருக்கும் சொல்லும் அளவுகோல் இதுதான்: முன்பு இல்லாத ஒரு நோவு இரண்டு கிழமை கடந்தும் விடவில்லையா, அல்லது கூடிக்கொண்டே போகிறதா? இரண்டில் ஒன்றுக்கேனும் "ஓம்" என்றால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் போய்க் காட்டவேண்டும். தழும்பிலோ மற்ற மார்பிலோ கமக்கட்டிலோ புதிய கட்டி, கை திடீரென வீங்குவது, மூச்சு வாங்குவது, விடாத இருமல், வாந்தியோடு சேர்ந்த தலையிடி, கண் மஞ்சளாவது, காரணமில்லாமல் மெலிவது, இவற்றுக்கு இரண்டு கிழமையும் வேண்டாம், உடனே போங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நோவின் இடம், தொடங்கிய திகதி, கூடுகிறதா குறைகிறதா என்று எழுதச் சொல்லுங்கள். மனதுக்குள் சுற்றிக்கொண்டிருந்த நோவு கடதாசியில் இறங்கினால் அதை அளக்க முடியும். பத்தாம் நாள் பார்க்கும்போது பல தானாகவே போயிருக்கலாம். அதை அவர் தன் கையெழுத்திலேயே பார்ப்பது, நீங்கள் நூறுமுறை ஆறுதல் சொல்வதைவிடப் பெறுமதியானது.

இரவில் தடவுவது பற்றி. கையை இழுத்துப் பிடிக்காதீர்கள். ஆனால் அந்தப் பழக்கம் பயத்துக்குத் தீனி போடுகிறது என்பதை அவருக்கு விளக்கலாம். தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு "வடிவாப் பாத்தனானோ?" என்று சந்தேகம். மறுபடி தடவல். ஒரே இடத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தால் அந்த இடம் நோகத் தொடங்கும், அந்த நோவே புதிய பயத்தைக் கொண்டுவரும். வாய்ப் புற்றுநோய் சுகமாகிய ஓர் ஐயா, ரோச் லைற்றோடு கண்ணாடிக்கு முன்னால் நாளுக்கு இருபது தரம் வாயைத் திறந்து பார்த்தார். கன்னத்தை இழுத்து இழுத்துப் பார்த்தே புண்ணாக்கிவிட்டார், அந்தப் புண்ணைக் கண்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவருக்கு நாங்கள் செய்தது நேரம் குறித்துக் கொடுத்ததுதான். முதலில் காலையும் மாலையும், பிறகு நாளுக்கு ஒருதரம், பிறகு கிழமைக்கு ஒருதரம். உங்கள் அம்மாவுக்கு மாதம் ஒருமுறை போதும். எப்படிப் பார்ப்பது என்று கிளினிக் தாதியிடம் கேட்டால் கையைப் பிடித்துக் காட்டித் தருவார். திடீரென்று நிப்பாட்டச் சொன்னால் அவரால் ஏலாது. குறைத்துக் குறைத்துத்தான் வரவேண்டும்.

சரி, அண்ணாவின் ஸ்கான். அண்ணா தூரத்தில் இருந்து செய்யக்கூடியது காசு அனுப்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறார், அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அறிகுறி ஒன்றும் இல்லாத ஒருவருக்கு அடிக்கடி முழு உடம்பு ஸ்கானும் இரத்தத்தில் கட்டிக் குறிகாட்டிகள் (புற்றுநோய் இருந்தால் கூடக்கூடிய பொருட்கள்) பார்க்கும் சோதனையும் செய்வது ஆயுளைக் கூட்டுகிறதா என்று முறையாகச் சோதித்திருக்கிறார்கள். இத்தாலியில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 1,320 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எலும்பு ஸ்கான், ஈரல் ஸ்கான், நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் ஒழுங்காகச் செய்தார்கள். மற்றக் குழுவுக்கு டொக்டர் பார்ப்பதும் வருடாந்த மமோகிராமும் (மார்பகத்துக்கான எக்ஸ்ரே), தேவை ஏற்பட்டால் மட்டும் மற்றவையும். முடிவு 1994இல் வெளிவந்தது. உயிர்வாழ்வதில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதன் பிறகு ஸ்கான் இயந்திரங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. என்றாலும் அறிகுறி இல்லாதவருக்கு வழக்கமாக இவற்றைச் செய்யவேண்டாம் என்பதே இன்றைக்கும் பெரிய வழிகாட்டல்களின் நிலை. முதல் மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டொக்டர் பார்க்கவேண்டும், பிறகு ஐந்தாம் வருடம் வரை ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடம் ஒருமுறை. மிஞ்சிய மார்புக்கு வருடம் ஒரு மமோகிராம். எதிர்பாராமல் ஒரு சின்னப் புள்ளி ஸ்கானில் தெரிந்தால் அது என்னவென்று அறியும் வரை இன்னொரு ஸ்கான், ஊசி குத்தி எடுக்கும் பரிசோதனை என்று இரண்டு மூன்று மாதம் போகும். அந்த மாதங்களை உங்கள் அம்மா எப்படித் தாங்குவார் என்று அண்ணாவைக் கேளுங்கள். கொழும்புப் பயணத்துக்கு வைத்த காசில் அவர் ரிக்கெற் எடுத்து வந்து பத்து நாள் அம்மாவோடு இருந்துவிட்டுப் போகலாம். இதை நான் மனதார எழுதுகிறேன்.

"யோசியாதேங்கோ" என்பது ஏன் வேலை செய்யாது? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். அதுவரை குரங்கே நினைவில் இல்லாதவருக்கு அன்றிலிருந்து மருந்தைத் தொட்டாலே குரங்கு. அமெரிக்காவில் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொல்லி 1987இல் செய்த பரிசோதனையிலும் இதுதான் நடந்தது. தள்ளிவைத்த நினைப்பு பிறகு கூடுதலாக வந்தது. அதோடு, "யோசியாதேங்கோ" என்று நீங்கள் சொல்லும்போது அம்மாவின் காதில் விழுவது "இதைப் பற்றி என்னோடு கதையாதேங்கோ" என்பதுதான். அவருடைய கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் சனத்துக்கு ஏற்கெனவே இதைக் கதைக்க வாய் வருவதில்லை. புற்றுநோய் என்று பெயரைக்கூடச் சொல்லாமல் "அந்த வருத்தம்" என்பார்கள். மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று பக்கத்து வீட்டுக்கும் தெரியாமல் கீமோவுக்குப் போய்வந்த தாய்மாரை எனக்குத் தெரியும். தலைமயிர் கொட்டியதற்குச் சந்நிதி முருகன் கோவிலில் மொட்டை நேர்த்தி என்று சொன்ன ஒருவர் இருந்தார். வருத்தத்தையே ஒளித்தவர் அது திரும்ப வருமோ என்ற பயத்தை யாரிடம் சொல்வார்? உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குவார். இதில் ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லவேண்டும். மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாகக் கடத்தப்படும் மரபணுவால் வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துத்தான். குடும்பமே நோய்க் குடும்பம் என்று ஊர் பேசுவதற்கு ஆதாரம் இல்லை.

ஆகவே நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை கேட்பது. "திரும்ப வந்திடுமோ எண்டு பயமா?" என்று கேட்டால் "ஓம்" என்பார், அதோடு முடிந்துவிடும். இன்னும் கீழே போங்கள். "வந்தால் அதில எதை நினைச்சுக் கூடப் பயப்பிடுறீங்கள்?" இந்தக் கேள்விக்கு வரும் விடைகள் என்னைப் பலமுறை ஆச்சரியப்படுத்தியிருக்கின்றன. எல்லாரும் சாவைத்தான் சொல்வார்கள் என்று நினைப்போம். ஒருவர் மகன் ஏ.எல். (உயர்தரச்) சோதனை எழுதும் வரைக்குமாவது வரக்கூடாது என்றார். ஒருவருக்கு மருமகளின் கையால் குளிக்கவேண்டி வருமே என்ற வெட்கம். இன்னொருவருக்கு, கொழும்புக்குப் பக்கத்தில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகம. 2006 ஆவணியில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 பாதை மூடுபட்ட பிறகு, கப்பலுக்குப் பெயர் பதிந்து காத்திருந்து, கொழும்பில் பாசை தெரியாமல் தங்குமிடம் தேடி அலைந்து கதிர்ச்சிகிச்சை எடுத்தவர் அவர். "திரும்ப வந்தால்" என்று அவர் சொன்னபோது அவர் மனதில் ஓடியது அந்தக் கப்பல். அவருக்கு நான் மனநலப் பயிற்சி எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. தெல்லிப்பழைக்குக் கூட்டிக்கொண்டு போய் புற்றுநோய் வைத்தியசாலையைச் சுற்றிக் காட்டினேன். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள், 670 கிலோமீற்றர், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் நடந்து சேர்த்த காசில் எழுந்த கட்டடம் அது. 2013இல் திறந்தார்கள். துர்க்கை அம்மன் கோவிலுக்குப் போகும் பாதைதான், அவர் எத்தனையோ தரம் போன ஊர். வாசலில் நின்று "இஞ்ச இருந்து பஸ்ஸில வீட்ட போகலாம் என்ன" என்றார். அன்றைக்கு அவருடைய பயத்தில் பெரிய துண்டு ஒன்று கழன்றது.

உங்கள் அம்மாவின் விடை என்னவென்று எனக்குத் தெரியாது. கீமோவின் ஓங்காளமாக இருந்தால், வாந்தியைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் பற்றிக் கிளினிக்கில் கேட்கலாம். காசு என்றால் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதையும், வெளியில் வாங்கவேண்டி வந்தால் எவ்வளவு முடியும் என்பதையும் கணக்குப் பார்க்கலாம். உங்கள் கலியாணம் என்றால் அதைப் பற்றி நீங்கள் அவரோடு நேராகக் கதைக்கவேண்டும். சாவுதான் என்றால் அதையும் கதைக்கவிடுங்கள். தடுக்காதீர்கள், "அபசகுனமாக் கதையாதேங்கோ" என்று வாயை அடைக்காதீர்கள்.

"இனி வராது அம்மா" என்று சத்தியமும் பண்ணவேண்டாம். அது உண்மையில்லை, அவருக்கும் அது தெரியும். குடல் புற்றுநோய் திரும்ப வருவதென்றால் பத்தில் எட்டு முதல் மூன்று வருடத்துக்குள் வந்துவிடும். வாய்ப் புற்றுநோய்க்கு முதல் இரண்டு வருடம்தான் முக்கியம். ஹோர்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் அப்படியில்லை. வருடத்துக்கு வருடம் பார்த்தால் அபாயம் சின்னது, ஆனால் நீண்டகாலம் மெல்ல இழுபடும். அதற்காகத்தான் ஐந்து வருடம், சிலருக்கு இன்னும் கூடுதலாக, குளிசை கொடுக்கிறார்கள். "வந்தால் நாங்கள் எல்லாரும் பக்கத்தில இருப்பம், கெதியாக் காட்டுவம்" என்பது நீங்கள் நிறைவேற்றக்கூடிய வாக்கு. அதைக் கொடுங்கள்.

அப்புறம் பயத்துக்கு ஒரு நேரம் ஒதுக்குவது. கேட்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னேரம் தேத்தண்ணீர் குடித்த பிறகு, ஐந்து மணியென்று வையுங்கள், இருபது நிமிடம். அந்த நேரத்தில் அம்மா தாராளமாகப் பயப்படலாம், அழலாம், கொப்பியில் எழுதலாம், உங்களிடம் சொல்லலாம். இரவில் அதே யோசனை வந்தால், "உனக்கு நாளைக்கு ஐந்து மணிக்கு நேரம் இருக்கு" என்று அதற்குச் சொல்லி, கவனத்தை வெளியே கொண்டுபோகவேண்டும். பனை ஓலை உரசும் சத்தம், தூரத்து நாய், மின்விசிறி என்று ஒவ்வொரு சத்தமாகப் பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள். கவனத்தை உடம்புக்குள்ளிருந்து வெளியே திருப்பும் பயிற்சி இது. அவுஸ்திரேலியாவில் இந்தப் பயத்துக்கென்றே ஐந்து அமர்வுகள் கொண்ட ஒரு சிகிச்சை முறையை உருவாக்கி, கடும் பயம் உள்ள 222 பேரில் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் இப்படியான கவனப் பயிற்சி முக்கிய இடம் பெறுகிறது. உடம்பைத் தளர்த்தும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இவர்களுக்குப் பயம் கூடுதலாகக் குறைந்தது. அடியோடு போகவில்லை. உங்களுக்கும் அந்த எதிர்பார்ப்பு வேண்டாம்.

கிளினிக் கிழமையைத் தனியாக நடத்தவேண்டும். அந்தக் கிழமையில் பெரிய வேலை ஒன்றும் அவர் தலையில் வைக்காதீர்கள், வெறுமனே இருக்கவும் விடாதீர்கள். மிளகாய் இடிக்கவேண்டும், ஒடியல் காயவைக்கவேண்டும் என்றால் அந்தக் கிழமைக்கு வையுங்கள். கை ஓடும் வேலை நல்லது. கேட்கவேண்டிய கேள்விகளை முதல்நாளே எழுதுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம், மூட்டுநோவு முதலாவதாக இருக்கட்டும். நீங்களும் உள்ளே போங்கள். வெளிநாட்டு உறவினர்களுக்கு முதல்நாளே சொல்லிவையுங்கள், முடிவை நாங்களே அறிவிக்கிறோம், அதுவரை போன் எடுத்து விசாரிக்கவேண்டாம் என்று. காலையிலிருந்து ஆறு பேர் "என்னவாம், என்னவாம்" என்று கேட்டால் சுகதேகியும் நடுங்குவார். வட்ஸ்அப்பில் வரும் முள் அன்னமுன்னா இலைக் கசாயம், சீனியை நிப்பாட்டினால் புற்றுநோய் பட்டினியில் செத்துவிடும் போன்றவற்றை நீங்கள் முதலில் பார்த்து அழித்துவிடுங்கள். மனிதரில் முறையாகச் சோதித்து நிரூபித்த ஒன்றும் அவற்றில் இல்லை.

சிலருக்குப் பயம் எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். கிளினிக்குக்கே போகமாட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரண்டு வருடம் தெல்லிப்பழைப் பக்கம் பஸ் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், வீட்டில் எல்லாரும் அவரைத் தைரியசாலி என்று நினைத்தார்கள். அம்மா ஒருநாள் "இந்தமுறை போகேல்லை" என்று அமைதியாகச் சொன்னால் அதையும் பயமாகவே எடுங்கள். குளிசையை அவர் விடாமல் குடிக்கிறாரா என்றும் மெதுவாகக் கவனியுங்கள். மூட்டுநோவு தாங்காமல் சொல்லாமல் நிப்பாட்டுபவர்கள் நிறைய. நோவு கூடினால் வேறு வகைக் குளிசைக்கு மாற்ற டொக்டருக்கு வழி உண்டு. திரும்ப வராமல் தடுக்க அவர் கையில் இருக்கும் பலமான ஆயுதம் அந்தக் குளிசைதான்.

நடை இரண்டாவது. மூட்டுநோவுக்கு நடப்பதே மருந்து, நித்திரையும் வரும். குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த 889 பேரை வைத்து நடத்திய ஆய்வொன்று 2025இல் வந்தது. மூன்று வருடம் பயிற்சியாளரின் துணையோடு ஒழுங்காக உடற்பயிற்சி செய்தவர்களில் 80.3 வீதத்தினர் ஐந்து வருடத்தில் புற்றுநோய் இல்லாமல் இருந்தார்கள். புத்தகத்தில் ஆலோசனை மட்டும் வாசித்தவர்களில் 73.9 வீதம். அது குடல் புற்றுநோய் பற்றியது, மார்புக்கு அதே எண்ணைப் பொருத்தக்கூடாது. என்றாலும் வெயில் சாய்ந்த பிறகு அம்மாவோடு கோவில் வரை அரை மணித்தியாலம் நடப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையா? வீட்டில் வாய்ப் புற்றுநோய் தாண்டியவர் யாரும் இருந்து இதை வாசித்தால் அவருக்கு ஒன்று: வெற்றிலைத் தட்டத்தை வீட்டை விட்டே அகற்றுங்கள். புகையிலையை மட்டும் விட்டுவிட்டுப் பாக்குப் போடுகிறேன் என்பது காணாது, பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும்.

எப்போது வெளியுதவி வேண்டும்? பயம் நாளின் பெரும்பகுதியைத் தின்றால், மாதக்கணக்காக நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், அடுத்த வருடத்துக்கென்று எதையும் திட்டமிட மறுத்தால், உயிர் வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வந்தால். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, யாழ் போதனா வைத்தியசாலையிலும் இருக்கிறது. மனநலப் பிரிவு என்றதும் அம்மா தயங்குவார். அப்படியென்றால் புற்றுநோய்க் கிளினிக் டொக்டரிடமே சொல்லி, அவர் மூலமாக அனுப்பச் சொல்லுங்கள், அது அவருக்குச் சிகிச்சையின் தொடர்ச்சியாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையமும் உண்டு. இரவில் தாங்க முடியாத நேரத்துக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

கடைசியாக உங்களைப் பற்றி. உங்கள் கடிதத்தில் அம்மாவின் பயம் மட்டும் எழுதியிருந்தீர்கள். அவர் தடவும் சத்தம் கேட்டு நீங்களும் விழித்திருக்கிறீர்கள் என்பதை நான் கவனித்தேன். உங்கள் மார்பையும் நீங்கள் தடவிப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த கிளினிக்கில் அம்மாவின் கேள்விகளோடு, மகளாகிய நான் எந்த வயதில் என்ன பரிசோதனை செய்யவேண்டும் என்று நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள். 35 வயதாகிவிட்டால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கிலும் மார்பைப் பரிசோதிப்பார்கள்.

இன்றிரவு லைற்றை நிப்பாட்டிய பிறகு அம்மாவின் கட்டிலில் போய் இருங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, விடை வரும்வரை பேசாமல் இருங்கள். முதல்நாள் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கலாம், அடுத்தநாளும் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.